நிழல் பருவத்தில் இரண்டு ஹீட்டர்கள்

ஒரகடத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் நான் குளிரைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

பிரேக் பாகங்கள் செய்யும் ஆலைக்கும் ஒரு பெயிண்ட் கிடங்குக்கும் நடுவில் வாடகைக்கு எடுத்த ஷெட்தான் எங்கள் நிறுவனம். சின்னச் செயற்கைக்கோள் செய்கிறோம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது 'ராக்கெட் கம்பெனி'. ராக்கெட் எங்களுடையதில்லை, அதில் இடம் பிடித்து ஏறிப்போகிற பயணி மட்டும்தான் எங்களுடையது என்று முதல் வருஷம் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம், மெஸ்காரரிடம், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட. பிறகு வாய் வலித்து விட்டுவிட்டேன்.

அந்தப் பயணி ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு இருக்கும். அதற்குள் ஒரு கேமரா. வயல்களின் சூட்டைப் படம் பிடித்து, எந்த நிலத்தில் ஈரம் இருக்கிறது, எது காய்கிறது என்று காட்டும். ஊர் உலகத்துச் சூட்டையெல்லாம் அளக்கிற அந்தக் கேமராவை அளவான சூட்டில் வைத்திருக்க வேண்டும். பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, இருபத்திரண்டுக்கு மேலே ஏறக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. படித்த படிப்புக்கெல்லாம் சேர்த்து இதுதானா என்று என் தங்கை ஒரு முறை கேட்டாள். இதுதான் என்றேன்.

எங்கள் பயணி பூமியில் பகலும் இரவும் சந்திக்கிற கோட்டின் மேலேயே சுற்றிவருகிறது. அதனால் தினமும் காலை ஆறு மணியை ஒட்டி ஒரு தடவையும் மாலை ஆறு மணியை ஒட்டி ஒரு தடவையும் எங்கள் ஷெட்டின் ஆன்டெனாவுக்கு மேலே கடக்கும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். இதைத்தான் நாங்கள் பாஸ் என்போம். அந்தப் பத்து நிமிஷத்தில் அது தன் உடம்புச் சூட்டை எண்களாக இறக்கிக் காட்டும். நாம் சொல்ல வேண்டியதை மேலே ஏற்றலாம். மற்ற நேரமெல்லாம் அது எங்கோ, நாம் எங்கோ.

வருஷத்தில் பெரும்பகுதி அதற்கு விடாமல் வெயில்தான். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிஷம் பூமியின் நிழலுக்குள் போய் வரும். முதலில் ஒன்றிரண்டு நிமிஷம், ஜூனில் இருபது நிமிஷம், பிறகு மறுபடி குறையும். நாளுக்குப் பதினைந்து தடவை. நிழல் பருவம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அந்த நேரத்துக்காகவே கேமராவில் இரண்டு ஹீட்டர் ஒட்டியிருந்தோம். முன்னால் லென்ஸ் பக்கம் ஒன்று, பின்னால் படம் விழும் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். முன்பக்கம் குளிர்ந்தால் முன் ஹீட்டர் தானாக எரியும், பின்பக்கம் குளிர்ந்தால் பின் ஹீட்டர். யாரும் தொட வேண்டியதில்லை என்பதுதான் திட்டம்.

முதல் நிழல் பருவம் தொடங்கி ஏழெட்டு நாள் ஆன ஒரு காலையில் எண்கள் இறங்கின. முன்பக்கம் இருபத்தெட்டு. பின்பக்கம் பதினைந்து. முன் ஹீட்டர் அணைந்து கிடந்தது. பின் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தும் பின்பக்கத்து எண் இறங்கிக்கொண்டே போனது.

புது வீட்டில் எலெக்ட்ரீஷியன் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஹால் சுவிட்சைப் போடும்போது சமையலறை ஃபேன் சுற்றுமே, அதேதான். இரண்டு சென்சாரும் இடம் மாறியிருந்தன, பின்பக்கம் என்று வந்த எண் உண்மையில் முன்பக்கத்தினுடையது. முன்பக்கம் குளிரக் குளிரப் பின் ஹீட்டர் எரிந்தது. பின்பக்கம் சூடாகச் சூடாக, எல்லாம் கதகதப்பாக இருக்கிறது என்று நம்பி முன் ஹீட்டர் தூங்கியது. இப்படியே விட்டிருந்தால் நிழல் நீளும்போது முன்பக்கம் இன்னும் இறங்கி, லென்ஸைப் பிடித்திருக்கும் பசை விரிசல் விட்டிருக்கும். பிறகு அது கேமரா இல்லை, வெறும் டப்பா. பாஸ் முடிய நான்கு நிமிஷம் இருந்தது. இரண்டு ஹீட்டரின் தானியங்கு முறையையும் நிறுத்தும் கட்டளையை அனுப்பினேன். இரண்டு முறை தப்பாகத் தட்டி மூன்றாவது முறை சரியாகப் போனது.

எந்த ஹீட்டர் எந்த சென்சாரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை உள்ளே ஒரு சர்க்யூட்டில் நிரந்தரமாகப் பதித்திருந்தோம். கீழேயிருந்து மாற்ற வழி வைக்கவில்லை. வைத்திருக்கலாம். அவசரத்தில் செய்கிற எல்லோரும் பிறகு சொல்வதைத்தான் நாங்களும் சொன்னோம். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். எந்த ஹீட்டர் எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பாஸிலும் மேலே அனுப்ப வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பருவம் முடியும் வரை.

பிழை எங்கே நடந்தது என்று ஆராய்ச்சி செய்ய எனக்கு அவசியம் இருக்கவில்லை. அன்று காலை நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வயர்களைக் கட்டியவர் மணிமங்கலத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் ஆலையில், வயர்களைப் பரப்பிக் கட்டுகிற போர்டு முன்னால் நின்றே பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு காண்ட்ராக்டர் மூலம் எங்களிடம் வந்தார். தலைமுடி போன்ற வயரை எடுத்து, முனையை உரித்து, கனெக்டரின் துளைக்குள் அவர் செருகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேசிக்கொண்டே செய்வார். கை மட்டும் பேச்சில் கலந்துகொள்ளாது. எங்களில் படித்தவர்கள் செருகினால் பத்துக்கு இரண்டு பிடுங்கிக்கொண்டு வரும். அவர் செருகியது ஒன்றுகூட வந்ததில்லை.

ஒரு கனெக்டரை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கலாம். வயர் நுழைகிற பக்கம் ஒன்று. இன்னொரு கனெக்டரோடு பொருந்துகிற முகம் ஒன்று. ஒரு பக்கத்தில் இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால், மறுபக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அதே துளைகள் நான்கில் தொடங்கி ஒன்றில் முடியும். எங்களுடையது மிகச் சின்னது. எண் எதுவும் பொறிக்கப்படவில்லை. கார் ஆலைகளில் போர்டு முன்னால் நிற்கிறவர்கள் வயர் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பக்கம்தான். கல்லூரியில் படித்துவிட்டு வந்த நான் படத்தை முகப் பக்கத்திலிருந்து வரைந்திருந்தேன். எந்தப் பக்கம் என்று படத்தில் எழுதவில்லை.

அக்கா கேட்டார். இதைத்தான் நான் சொல்ல வேண்டும். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், இது எந்தப் பக்கம் பாத்து வரைஞ்சிகீறீங்க? வயர் பக்கமா, மூஞ்சிப் பக்கமா?"

நான் போனில் இருந்தேன். செயற்கைக்கோளைக் குளிரவைத்துச் சோதிக்கிற வெற்றிட அறையை வாடகைக்குத் தருகிறவர்கள் எங்களுக்குக் கொடுத்த தேதியை மாற்றப் பார்த்தார்கள், நான் கத்திக்கொண்டிருந்தேன். கோபம் வந்துவிட்டால் எனக்கு எதிரே நிற்கிறவர் யார் என்று தெரியாது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, படத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"நீங்க எப்பவும் போடுற மாதிரியே போடுங்கக்கா."

அவர் எப்போதும் போடுகிற மாதிரியே போட்டார். நான் சரிபார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தபோது இரண்டு சென்சாரும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்ததால் ஒரே எண்ணைக் காட்டின. வெற்றிட அறையில் கேமரா முழுவதும் சேர்ந்து குளிர்ந்தபோது இரண்டு ஹீட்டரும் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தன. ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று என் பட்டியலில் இருந்தது. அறைக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று அதை நான்தான் அடித்தேன்.

செயற்கைக்கோள் மேலே போன அன்று அக்காவின் தெருவில் டிவியைச் சத்தமாக வைத்து எல்லோரும் பார்த்தார்களாம். மகள் படிக்கும் பள்ளியில் அக்காவைக் கூப்பிட்டு மாணவிகள் முன்னால் பேசச் சொன்னார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "இன்னா பேசறது, கைய சுத்தமா கழுவணும்னு சொன்னேன்" என்று சிரித்தார்.

பிழை தெரிந்த மறுவாரம் ஆய்வுக் கூட்டம் நடந்தது. எங்கள் முதலாளி என்னைவிட வயதில் சின்னவர், பெங்களூரிலிருந்து திரையில் தெரிந்தார். மற்ற எல்லோரும் அடுத்த செயற்கைக்கோளைச் செய்ய அங்கே போய்விட்டிருந்தார்கள். ஒரகடத்து ஷெட்டில் நான், அக்கா, கேட்டில் காவலாளி, அவ்வளவுதான். கூட்டத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. வயர் செருகிய படிவத்தைத் திரையில் காட்டினார்கள். செய்தவர் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னுடையது. மேலே இருந்ததை மட்டும் வாசித்தார்கள். "கைவேலைப் பிழை" என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போவதாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது.

காண்ட்ராக்டர் அக்காவிடம் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அக்கா தன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தார்.

"நான் கேட்டனே மேடம்" என்றார். அவ்வளவுதான். பதிலுக்கு நிற்கவில்லை.

அதன் பிறகு ஷெட்டில் நான் தனி. நாலரைக்கு எழுந்து, குளித்து, ஐந்தரைக்கு கேட்டுக்குப் போவேன். காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து, "அது நல்லா கீதா, மேடம்?" என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளைக் கேட்பது போலவே கேட்பார். "பாத்துட்டுச் சொல்றேன்" என்பேன். பாஸ் வரும். எண்களைப் படிப்பேன். முன்பக்கம் பத்தொன்பது, பின்பக்கம் இருபது. நிழல் நேற்றைவிட எத்தனை நொடி நீண்டிருக்கிறது என்று பார்த்துப் பட்டியலைத் திருத்தி அனுப்புவேன். ஆறரைக்கு வெளியே வரும்போது சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தூங்குகிற தலை. அத்தனை பேர் வேலைக்குப் போகும் நேரத்தில் எனக்கு வேலை முடிந்திருக்கும். மறுபடி மாலை ஆறு மணிக்குத்தான்.

நடுவில் இருக்கிற பதினோரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அறையில் ஃபேன் அனல் காற்றைத் தள்ளும். என் வீட்டு மாடியில் இருந்த மற்ற அறைகளில் ஷிப்டு முடிந்துவந்த ஆண்கள் தூங்குவார்கள். சத்தம் போடாமல் நடக்க வேண்டும். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு மூலை மேசை என்பது எழுதாத சட்டம். எதிர் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள், அது மரியாதையாம். வியர்வை வழியச் சோற்றைப் பிசைந்துகொண்டு, இப்போது அது நிழலுக்குள் நுழைந்திருக்கும், முன் ஹீட்டர் எரிந்திருக்கும் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். எனக்குத் தனிமையாக இருந்தது. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

தங்கை மகளுக்குக் கோவில்பட்டியில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் இல்லாத வீடு, பெரியம்மா மடியில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வர முடியாது என்றேன்.

"ஒரு நாளைக்கு வேற ஆளு பாத்துக்கிட மாட்டாவளா? அது என்ன பச்சப் பிள்ளையா?"

"பச்சப் பிள்ளைன்னா பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்துருவேம்மா" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

பட்டியலைக் கணினியே போடாதா என்று கேட்கலாம். போடும். இரண்டு நாளுக்குச் சேர்த்துப் போட்டு அனுப்பவும் முடியும். ஒரு எண் தப்பினால் கேமரா போய்விடும் என்று எல்லோரிடமும் சொன்னேன், அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை வேறு. இரண்டு வேளையும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தால் நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது. நான் வாயைத் திறந்தால் என்னையும் அனுப்பிவிடுவார்கள், அனுப்பிவிட்டால் இதை யார் பார்ப்பார்கள், பருவம் முடியட்டும், பிறகு சொல்கிறேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அக்காவின் வயர் உரிக்கும் கருவி ஷெட்டிலேயே தங்கிவிட்டது. கைப்பிடியில் அவரே சுற்றிய நீல டேப்புடன் சொந்தக் கருவி. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மணிமங்கலம் போனேன். கொடுத்துவிட்டு வருகிற சாக்கில் சொல்லிவிடலாம் என்று திட்டம். வழி முழுக்க வசனம் தயார் பண்ணிக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டினேன்.

அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். காகிதத்தைப் பிரித்துக் கருவியைப் பார்த்தார். திரும்பச் சுற்றி என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சிக்கோங்க மேடம். எனக்கு இப்ப இது வேலையில்ல. நான் பேக்கிங்ல கீறேன்."

பழைய ஆலையிலேயே மறுபடி சேர்ந்திருந்தார். ஆனால் போர்டு பக்கம் விடவில்லை. ராக்கெட்டில் வயரை மாற்றிப் போட்டவர் என்று காண்ட்ராக்டர் வழியாகச் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. லைனில் யாராவது ஒரு வயரைத் தப்பாகச் செருகினால், "இன்னா, ராக்கெட்டு வேலையா?" என்பார்களாம். அக்காவுக்கே ராக்கெட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தனை வருஷம் போர்டில் நின்றவர் இப்போது மற்றவர்கள் கட்டிய வயர்க் கட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் தயார் பண்ணிய வசனமெல்லாம் மறந்துபோனது. "அக்கா, தப்பு உங்களுது இல்ல. நான்தான் படத்தப் பாக்காம சொன்னேன்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. நான் அதுவரை அவரைக் கோபமாகப் பார்த்ததில்லை.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மேடம் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. கேட்டவளே நான்தான?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இத சொல்லிக்கினு என் வூட்டுக்கு வந்துகீறீங்க. தெனம் காலைல அஞ்சே முக்காலுக்கு மெயின் ரோட்ல எங்க பஸ்ஸு வருது. லைன் லீடரு அதுலதான் வருது. எல்லாம் அதுலதான் வராளுங்க. அங்க வந்து சொல்லுங்களேன் பாப்போம்."

"அந்த நேரத்துக்குத்தான்க்கா பாஸ்..."

"தெரியும்" என்றார் அக்கா. "அதான் சொல்றேன்."

அன்று மாலை பாஸ் முடிந்ததும் முதலாளியைக் கூப்பிட்டேன். அதுதான் முறை என்று பட்டது. படத்தை நான் எப்படி வரைந்தேன், அக்கா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்தச் சோதனையை அடித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தெரியும்ங்க" என்றார். "படிவத்துல உங்க கையெழுத்தும்தானே இருந்துச்சு. எல்லாரும் பாத்தோம். உங்களை அனுப்பிட்டா கேமராவை யார் பாக்கறது? அதைப் பெருசு பண்ண வேணாம்."

அக்காவின் மேல் தப்பில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் சொல்லியாயிற்று, இப்போது மாற்றினால் நன்றாக இருக்காது என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தூங்கப் போங்க என்றுகூடச் சொன்னார். இரண்டு மாதமாக நான் மறைத்துவைத்திருந்ததாக நினைத்தது எல்லோர் கண் முன்னாலும் இருந்திருக்கிறது. என் வாயை நான் மூடி வைத்ததில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் இழுத்தடித்தேன். நான்காவது நாள் மாலை, வாழ்க்கையில் முதல் முறையாக இருபத்துநான்கு மணி நேரத்துக்கான பட்டியலைப் போட்டு அனுப்பினேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுநாள் முன்பக்கம் பதினேழரை வரை இறங்கிவிட்டுத் தானே ஏறியிருந்தது. ஆனால் அனுப்பும்போது எனக்கு அது தெரியாது. ராத்திரி இரண்டு முறை எழுந்து கணக்கைச் சரிபார்த்தேன்.

காலை ஐந்தரைக்கு மணிமங்கலம் மெயின் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அக்கா கடைசியாக வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. பஸ் வந்ததும் எல்லோரும் ஏறினார்கள், அக்கா நான்காவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் படியில் ஏறி நின்றேன்.

"இன்னாம்மா, இது கம்பெனி வண்டி" என்றார் டிரைவர்.

"ஒரு நிமிஷம்ணே, ஒண்ணு சொல்லிட்டு எறங்கிடுறேன்."

"லேட்டாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியை எடுத்துவிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தூக்கத்தில். முன் இருக்கையில் காதில் இயர்போனோடு ஒரு பெண், கோட்டில் வேறு நிறப் பட்டை. லைன் லீடர் அவர்தான் என்று புரிந்தது. என் வயதுதான் இருக்கும். நான் பேச ஆரம்பித்தேன். கனெக்டர், முகப் பக்கம், வயர் பக்கம், சோதனை என்று கூட்டத்தில் பேசுகிற மாதிரி என்னென்னவோ பேசினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகள் நிமிர்ந்தன. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. லைன் லீடர் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தார்.

"யாரு நீங்க? இன்னா சொல்றீங்க? திருப்பிச் சொல்லுங்க."

இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை.

"ராக்கெட் கம்பெனியில நான் இன்ஜினியர். அக்கா வயர மாத்திப் போடல. படத்துல எந்தப் பக்கம்னு நான் எழுதல. அவங்க வந்து கேட்டாங்க, நான் பாக்காமலே எப்பவும் போல போடுங்கன்னேன். தப்பு என்னுது. அவங்க வேலை போனப்ப நான் வாயத் தொறக்கல."

பின்னாலிருந்து யாரோ, "எந்தப் பக்கம்னு எழுதலன்னா வயர் பக்கம்தான, அதுகூடவா தெரியாது இன்ஜினியருக்கு?" என்றாள். ஒருத்தி சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, இன்னொன்று கம்பியைப் பிடித்திருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. லைன் லீடரைப் பார்த்துத்தான் பேசினார்.

"கேட்டுக்கினியா? திங்கக்கெழம என்ன போர்டுல போடு."

லைன் லீடர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "வா, சூப்பர்வைசராண்ட நான் பேசறேன்" என்றார். இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

படப்பையில் இன்னும் நான்கு பேர் ஏற பஸ் நின்றது. நான் இறங்கினேன். என் ஸ்கூட்டர் மணிமங்கலத்தில் நின்றது. ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போக வேண்டும். மணி ஆறு. வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. மேலே அது கடந்துகொண்டிருக்கும், எண்களை இறக்கிக்கொண்டிருக்கும், கீழே யாரும் இல்லை. அத்தனை நாளில் நான் தவறவிட்ட ஒரே பாஸ். நடுரோட்டில் நின்று வானத்தைப் பார்க்கிற பைத்தியக்காரத்தனத்தைச் செய்யாமல் இருக்க முயன்றேன்.

"மேடம்."

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார். அன்றைக்கு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கி அத யார் பாத்துக்கறது?"

"யாருமில்லக்கா. விட்டுட்டு வந்துட்டேன்."

அக்காவின் முகம் இறுகியது. அன்று அவர் வீட்டில் என்னிடம் கோபப்பட்டபோதுகூட அப்படி இறுகவில்லை.

"அறிவிருக்கா மேடம் உங்களுக்கு? அது நான் கட்டுனது. குளிர்ல கெட்டுப் போயிடப் போவுது, ஓடுங்க!"

பஸ் கிளம்பியது. நான் ஷேர் ஆட்டோவை நோக்கி ஓடினேன்.